கதைப் பிள்ளைகளுக்கு உத்தியோகம்

கதை முடிந்தது என்று சொன்னவுடன் பெரியவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். பிள்ளைகள் அவ்வாறு செய்வதில்லை. "அப்புறம்?" என்பார்கள். அரசகுமாரன் அரக்கனைக் கொன்றான், அரசகுமாரியை மணந்தான், இருவரும் நெடுங்காலம் சுகமாய் வாழ்ந்தார்கள் என்று எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் அந்த "அப்புறம்" அடங்குவதில்லை. சுகமாய் வாழ்ந்தவன் மறுநாள் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போனான் என்பதை அறிய விரும்பும் குழந்தையை அதிகப்பிரசங்கி என்று வாயடைப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். அக்குழந்தை கேட்பது நியாயமான கேள்வி என்பதே நமது அபிப்பிராயம்.

தமிழ்ப் புலவர்கள் இக்கேள்வியைத் தலைகீழாகக் கேட்டவர்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கினார். நமது காலத்தில் காந்தியடிகளும் அத்தொட்டிலுக்குத் தப்பவில்லை. காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கிப் பத்துப் பருவங்கள். அவற்றுள் ஒன்று அம்புலியை விளையாட வா என்று அழைப்பது. அரியணையில் அமர்ந்து முடிந்தவரைப் பின்னோக்கி இழுத்துத் தொட்டிலில் இடும் கலை அது. பெரியவர் யார் என்பது உலகறிந்த பின்பு அவருடைய குழந்தைப் பருவத்தைக் கற்பித்தல் எளிது. கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அதன் நாற்பதாம் வயதைக் கற்பித்தலோ அத்துணை எளிதன்று. அங்கே கற்பிப்பவனுடைய ஆசையும் அச்சமும் அவனை அறியாமலே வெளிப்பட்டுவிடும்.

அம்புலி என்றவுடன் 'அம்புலிமாமா' நினைவுக்கு வருகிறது. 1947 ஜூலையில் சென்னையில் தோன்றிய அவ்விதழ் மலாயாத் தோட்டங்கள் வரையில் வந்து சேர்ந்தது. அதில் வந்த விக்கிரமாதித்தன் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை அக்காலத்தில் இல்லை எனலாம். மூலக்கதையில் வேதாளம் சொல்வன இருபத்தைந்து கதைகளே. இதழில் வந்த வேதாளத்துக்கோ அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மாதந்தோறும் மன்னன் மரத்தில் ஏறுவான், பிணத்தைத் தோளில் சுமப்பான், விடை சொல்வான், வேதாளம் பறந்து மரத்தில் தொங்கும். ஓவியர் சங்கர் வரைந்த அம்மன்னனுக்குப் பல பத்தாண்டுகள் கழிந்தும் ஒரு நரை விழவில்லை. அவனுக்கு ஓய்வூதியமும் இல்லை. நமது கதை மாந்தர்கள் பெரும்பாலும் இத்தகையோரே. இளமையில் நிறுத்தப்பட்டவர்கள், வளர அனுமதிக்கப்படாதவர்கள்.

நிற்க. ஆங்கில நாட்டில் ஜே. கே. ரோலிங் என்னும் அம்மையார் 1997 முதல் 2007 வரை எழுதிய ஏழு நூல்களில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஓராண்டாக வளர்ந்தார்கள். ஹாரி பாட்டர் என்னும் அநாதைச் சிறுவன் பதினொன்றாம் வயதில் மந்திரவித்தைப் பள்ளிக்குப் போகிறான். பதினேழாம் வயதில் கொடியவன் ஒருவனோடு போரிட்டு வெல்கிறான். அக்கொடியவனுடைய கொள்கை யாதெனில், மந்திரம் கற்கும் உரிமை தூய குருதியில் பிறந்தவர்க்கே உண்டு, ஏனையோர்க்கு இல்லை என்பது. பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுவோரைக் கண்டும் கேட்டும் பழகிய நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கதை இங்கிலாந்தில் நடக்கிறது. நோய் எங்கும் உள்ளது.

ஏழாம் நூல் 2007 ஜூலை 21ஆம் நாள் இலண்டனில் நள்ளிரவு கழிந்த முதல் நிமிடத்தில் விற்பனைக்கு வந்தது. அப்பொழுது சிங்கப்பூரில் காலை மணி ஏழும் ஒரு நிமிடமும். அதன் கடைசி அத்தியாயம் பத்தொன்பது ஆண்டுகளைத் தாண்டி, 2017 செப்டம்பர் 1ஆம் நாளன்று ரயில் நிலைய மேடையில் நடக்கிறது. ஹாரிக்கு மூன்று மக்கள். அவனுடைய தோழர்களான ரானும் ஹெர்மாயினியும் மணம் புரிந்து இரு மக்களைப் பெற்றிருக்கிறார்கள். பழைய பகைவன் டிராக்கோ தன் மகனோடு சற்று விலகி நிற்கிறான். மக்களைப் பள்ளிக்கு வழியனுப்புகிறார்கள், வண்டி புறப்படுகிறது, கதை முடிகிறது. எவருக்கு என்ன உத்தியோகம் என்பது, நெவில் என்னும் பையன் மூலிகைப் பேராசிரியர் ஆனான் என்ற ஒரு செய்தியைத் தவிர, அங்கே சொல்லப்படவில்லை.

வாசகர் விடுவார்களா? நூல் வெளிவந்த சில நாட்களிலேயே கேட்டுத் துளைத்தார்கள். அம்மையாரும் சளைக்காமல் விடை சொன்னார். ஹாரி தீயோரைப் பிடிக்கும் காவல் இலாகாவின் தலைவன். ஹெர்மாயினி சட்ட இலாகாவில். ரான் தன் அண்ணனுடைய வேடிக்கைச் சாமான் கடையில். 2016இல் இலண்டனில் அரங்கேறிய நாடகத்தில் ஹாரி கோப்புகளுக்கிடையே மூச்சுத் திணறும் அதிகாரி. ஹெர்மாயினி அமைச்சரவையின் தலைவி. அவ்வேடத்தைக் கறுப்பின நடிகை நோமா டுமெஸ்வேனி ஏற்றார் என்பதற்காக முகம் சுளித்தோரும் இருந்தனர். தூய குருதிக்காரனை எதிர்த்த கதையை ஏழு நூல் படித்தும் அவர்கள் கற்றது அவ்வளவுதான்! அது கிடக்கட்டும். வேதாளத்தை வென்ற பிள்ளைகளெல்லாம் கடைசியில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களே என்று குறைப்பட்ட வாசகரும் உண்டு. நமக்கு அது குறையாகப் படவில்லை. நமது பெற்றோர் கேட்டிருந்தால், மந்திரம் படித்ததற்கு இப்பொழுதுதான் பலன் கிட்டிற்று என்று மகிழ்ந்திருப்பார்கள்.

ஆங்கில நாட்டில் இது புதிய வழக்கமும் அன்று. பேரி என்பார் 1911இல் எழுதிய பீட்டர் பேன் கதையின் முடிவில், வளராத தீவிலிருந்து வீடு திரும்பிய பையன்கள் வளர்ந்துவிடுகிறார்கள். சிலர் குடையும் பையுமாக ஆபீசுக்குப் போகிறார்கள். ஒருவன் ரயில் எஞ்சின் ஓட்டுகிறான், ஒருவன் நீதிபதி. அவர்களுள் ஜான் என்பவன் தாடி வளர்த்த தந்தையாகி, தன் மக்களுக்குச் சொல்ல ஒரு கதையும் தெரியாதவனாக இருக்கிறான். பறந்து திரிந்த பையனுக்கு இதனிலும் கொடிய தண்டனையை எவரும் எழுதியதாக நாம் அறியோம். லூயிஸ் என்பார் 1956இல் முடித்த நார்னியா வரிசையிலோ, சூசன் என்னும் பெண் உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் மனம் வைத்தாள் என்பதற்காகக் கடைசி இன்பத்தில் பங்கின்றி வெளியே நிறுத்தப்படுகிறாள். அவளுடைய பின்னாளைப்பற்றிக் கேட்ட வாசகிக்கு, அக்கதையைத் தம்மால் எழுத இயலாது, வேண்டுமானால் நீயே எழுதிப் பாரேன் என்ற கருத்தில் அவர் விடை எழுதினார். அந்த விடைக்காக அவரைப் பாதி மன்னிக்கலாம்.

நீயே எழுதிப் பார் என்னும் அச்சொல்லையே நாமும் பயன்படுத்தினோம். சனிக்கிழமை தோறும், தேக்காச் சந்தைக்கு அண்மையில் உள்ள அடுக்குமாடி வீடொன்றில், பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். எல்லோரும் ஐந்தாம், ஆறாம் வகுப்பினர். 'எனது பொழுதுபோக்கு' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஹாரி பாட்டரை மூன்று முறை படித்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆகவே, அக்கதை மாந்தருள் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, நாற்பதாம் வயதில் சிங்கப்பூரில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதைத் தமிழில் எழுதுக என்றோம். ஆசிரியை சொன்ன விடைகளை மறந்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பேனாக்கள் ஓடின.

ஹாரியை எழுதிய பையன் முதலில் அவனைத் தேசிய சேவைக்கு அனுப்பினான். பதினெட்டு வயது ஆகிவிட்டதே, யாராயிருந்தாலென்ன? கொடியவனைக் கொன்ற அனுபவம் உண்டு என்று ஹாரி சொன்னானாம். அதற்கும் இராணுவ முகாமில் முடிவெட்டுவதற்கும் தொடர்பில்லை என்று சார்ஜென்ட் சொன்னாராம். நாற்பது வயதில் ஹாரிக்கு வங்கியில் உத்தியோகம், தெம்பனீசில் வீடு, முழங்காலில் வலி. ரானை எழுதியவன் மூலநூலைக் கூர்ந்து படித்தவன். கடைசி அத்தியாயத்தில் ரான், மோட்டார் ஓட்டும் சோதனையில் தேர்வாளரை மந்திரத்தால் மயக்கித் தேறியதாக ஒரு செய்தி வருகிறது. "இங்கே தேர்வாளரை மயக்கலாம், ஆனால் மோட்டார் வாங்கும் உரிமைச்சீட்டின் விலையை மயக்க முடியாது" என்று எழுதியிருந்தான். 2023இல் அச்சீட்டின் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதை வீட்டில் பேசக் கேட்டிருப்பான் போலும். அவனுடைய ரான் பேருந்தில் போகிறான்.

சிரித்துக்கொண்டே படித்தோம். ஆனால் டிராக்கோவை எடுத்துக்கொண்ட பையனுடைய கட்டுரையில் சிரிப்பு நின்றது. மந்திரப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளன்று ஒரு தொப்பியைத் தலையில் வைப்பார்கள். அது பிள்ளையின் மனத்தைப் பார்த்து, வீரர் இல்லம், அறிஞர் இல்லம், சூழ்ச்சியாளர் இல்லம் என்று பிரித்து அனுப்பும். பதினொரு வயதில் பிரித்தது பிரித்ததே. டிராக்கோ கெட்டவனாகப் பிறக்கவில்லை, அவனைத் தொப்பி அங்கே போட்டது, பிறகு எல்லோரும் அவனை அப்படியே பார்த்தார்கள், அவனும் அப்படியே ஆனான் என்று அப்பையன் எழுதியிருந்தான். "என் அப்பாவுக்கும் தொப்பி வைத்தார்கள்" என்பது அடுத்த வரி.

வேறொன்றும் எழுதவில்லை, எழுதவும் வேண்டியதில்லை. இந்நகரில் 1960 முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதி வருகிறார்கள். 1979ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையை அடுத்து, பிள்ளைகளை விரைவு, வழக்கம் என்று தரம் பிரித்து வகுப்பில் அமர்த்தும் முறை வந்தது. அம்முறை 2024இல் உயர்நிலை முதலாண்டில் சேர்ந்தவர்களிலிருந்து கைவிடப்பட்டுவிட்டது. இப்பொழுது பாடத்துக்குப் பாடம் அவரவர் வலிமைக்கேற்ப நிலை அமைகிறது. ஆயினும் நாற்பத்தைந்து வயதான ஒருவர் தம் பன்னிரண்டாம் வயதில் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதை இன்றும் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ரோலிங் அம்மையாரின் கடைசி நூலில், அப்பள்ளித் தலைமையாசிரியரே, நாம் பிள்ளைகளைச் சற்று முன்னதாகவே பிரித்துவிடுகிறோமோ என்று ஐயுறும் இடம் ஒன்று வருகிறது. அந்த ஓரிடத்துக்காகவே அந்நூலை ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் வாசிக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அப்பையனுடைய டிராக்கோ நாற்பதாம் வயதில், தொப்பி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

வகுப்பில் பெண் பிள்ளைகள் அறுவர். அவர்களுள் ஐவர் ஹெர்மாயினியை எழுதினார்கள்: மருத்துவர், வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், மறுபடியும் மருத்துவர், மறுபடியும் வழக்கறிஞர். அக்கதையில் பார்வதி, பத்மா என்று இரட்டையரான இந்தியப் பெண்கள் இருவர் இருக்கிறார்கள். நான்காம் நூலில் நடனவிருந்துக்கு ஹாரியும் ரானும் இவர்களை அழைத்துப் போய்விட்டு, இவர்கள் முகத்தையும் பாராமல் வேறு பெண்களை நினைத்து ஏங்கி உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் போரில் இவர்களும் நின்று சண்டையிட்டார்கள். ரயில் மேடையில் இவர்கள் இல்லை. 2016ஆம் ஆண்டு நாடகத்தில், காலம் தடம் புரண்ட ஒரு கிளையில் மட்டும், பத்மா ரானை மணந்து பஞ்சு என்றொரு மகனைப் பெற்றிருக்கிறாள். பஞ்சு என்று எந்த இந்தியப் பிள்ளைக்குப் பெயர் உண்டு என்று வடநாட்டு வாசகர் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. 1952இல் 'பராசக்தி' படத்தை எடுத்த கிருஷ்ணன், பஞ்சு இருவரையும் அறிந்தவர்க்கு அப்பெயர் பழகியதுதானே! பாட்டீல் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பெயர் எப்படி வந்தது என்பது வேறு விஷயம்.

பார்வதியை ஏன் ஒருவரும் எழுதவில்லை என்று கேட்டோம். "அவளைப்பற்றிக் கதையில் ஒன்றும் இல்லையே, ஐயா" என்றாள் ஒருத்தி. ஒன்றும் இல்லாததனால்தானே எழுத இடம் உண்டு? மறுவாரம் அவளையே எழுதச் சொன்னோம். கதையில் பார்வதிக்குப் பிடித்த பாடம் வருங்காலம் உரைக்கும் சோதிடம். சிராங்கூன் சாலை ஓரத்தில் கிளிக்கூண்டோடு அமர்ந்து சீட்டு எடுத்த சோதிடர்களைக் கண்டவர்கள் நாம். இச்சிறுமியும் பார்வதியை அவ்வழியே விடுவாளோ என்று அஞ்சினோம். அவள் விடவில்லை. பார்வதி வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறாளாம். வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலேயே இருந்தது. கணிதம் படித்த பிறகு அது சரியாக வந்தது என்பது அவள் வாக்கியம். பத்மாவைப்பற்றி ஒரே வரி: "பத்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப்பற்றி அவள் வீட்டில் யாரும் கேட்பதும் இல்லை." சீர்திருத்த மேடைகளில் நாம் பல மணி நேரம் பேசிய பொருளை அச்சிறுமி ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

நெவிலை எழுதியவன் அவனைத் தாவரத் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தியிருந்தான். பொருத்தமான இடம். அவனுக்கு நாம் ரிட்லி துரையின் கதையைச் சொன்னோம். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பால் எடுக்கும் சீவுமுறையைக் கண்டறிந்து, விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் நடையாய் நடந்தார். பைத்தியக்கார ரிட்லி என்று சிரித்தார்கள். பிறகு மோட்டார் வண்டிகள் வந்தன, சிரிப்பு நின்றது, மலாயா முழுவதும் பால்மரம் எழுந்தது. அம்மரங்களைச் சீவுவதற்குத்தான் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். மூலிகைப் பேராசிரியர் ஒருவருடைய பையில் நம் குடும்பங்களின் வருங்காலம் கிடந்தது என்று சொன்னால், தோட்டத்து அன்பர்கள் மிகையென்று கொள்ளார்.

எமது தாயார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆகவே பள்ளி இருந்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் அதே ஆள் பிற்பகலில் ஆனா ஆவன்னா சொல்லித் தந்த தோட்டங்களும் இருந்தன. ஆறாம் வகுப்பு முடிந்தால் மங்கு துடைத்தல், ஒட்டுப்பால் எடுத்தல், பிறகு பெரியவர் ஆனதும் தமக்கென ஒரு நிரை. பெரியவளானால் நீ என்ன ஆவாய் என்று லயத்தில் தம்மை ஒருவரும் கேட்டதில்லை என்பார் தாயார். கொடுமையினால் கேட்காமல் விடவில்லை. விடை எதிரில் மரமாக நின்றுகொண்டிருந்தது, அவ்வளவே.

அவர் எட்டாம் வயதில் 'அம்புலிமாமா' படித்தவர். கிராணி வீட்டிலிருந்து பழைய இதழ்கள் லயத்துக்கு வருமாம். விக்கிரமாதித்தனைப் பார்த்தவுடன் அவன் என்ன வேலை செய்கிறான் என்பது தமக்கு விளங்கிவிட்டது என்று சொல்லுவார். விடியுமுன் இருட்டில் புறப்படுகிறான்; மரத்தண்டை போகிறான்; தோளில் சுமையோடு நடக்கிறான்; சுமை வந்து சேர்ந்தபாடில்லை; மறுநாளும் அதே மரம். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து நிறுவைக்குப் போகும் தம் தந்தையைத் தவிர வேறு யாராக அவன் இருக்க முடியும்? வேதாளம்தான் யாரென்று தெரியவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததனால் கங்காணியாக இருக்கலாம் என்று நினைத்தாராம். அரசனை வைத்துத் தோட்டத் தொழிலாளியைக் கற்பித்த அச்சிறுமிக்கு, தம்மை வைத்து வேறொருத்தியைக் கற்பிக்க அக்காலத்தில் வழி இருக்கவில்லை. அவர் சிங்கப்பூருக்கு வந்ததும் எம்மைப் படிக்க வைத்ததும் பிற்பாட்டுக் கதை. அது எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான்.

ஆறாவது பெண் பிள்ளையின் கட்டுரையைப்பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் எடுத்துக்கொண்டது மனிதரையே அன்று. மந்திரவாதிகளின் வீடுகளில் கூலியின்றி வேலை செய்யும் குட்டையான ஏவலினம் ஒன்று அக்கதையில் உண்டு. எசமானர் ஓர் ஆடையைக் கொடுத்துவிட்டால் விடுதலை. டாபி என்பவன் ஒரு காலுறையினால் விடுதலை பெற்றான். பிறகு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபொழுது, தலைமையாசிரியர் வாரத்துக்குப் பத்துப் பொன்னும் வாரந்தோறும் இரு நாள் ஓய்வும் தருவதாகச் சொல்ல, அவனோ அது மிக அதிகம் என்று பேரம் பேசிக் குறைத்து, வாரம் ஒரு பொன்னுக்கும் மாதம் ஒரு நாள் ஓய்வுக்கும் இசைந்தான். விங்கி என்பவள் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, கிடைத்த விடுதலையை அவமானமாகக் கருதி அழுதுகொண்டே கிடந்தாள். டாபி ஏழாம் நூலில் இறந்துபோகிறான். விங்கி அந்த ரயில் மேடைக் காட்சியில் இல்லை. இருக்க வேண்டும் என்று நாமும் நினைத்ததில்லை.

அச்சிறுமி நினைத்தாள். அவளை வகுப்புக்கு அழைத்து வந்து, முடியும்வரை மாடிப்படியில் காத்திருப்பவர் அவர்கள் வீட்டுப் பணிப்பெண், தஞ்சைப் பக்கத்தவர். இந்நகரின் வீடுகளில் வேலை செய்யும் அயல்நாட்டுப் பெண்கள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். 2013 முதல் அவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, அல்லது அதற்கு ஈடான கூலி என்று விதி வந்தது. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணம் கொடுத்து ஈடு செய்யாமல் ஓய்வாகவே விட வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. மாதம் ஒரு நாள்! "டாபி கேட்டதும் இதுதான், ஐயா. அவன் குறைத்துக் கேட்டான்" என்று அச்சிறுமி சொன்னபொழுது, அவளுக்கு விதி எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

கேட்டது அதை மட்டுமன்று. நாற்பது வயதில் விங்கி என்ன ஆவாள் என்று எழுத வழி தெரியாமல், படியில் அமர்ந்திருந்தவரிடம், "அக்கா, சின்ன வயசிலே நீங்க பெரியவங்களானா என்ன ஆகணும்னு நெனச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு இப்பொழுது நாற்பத்தொன்று. சற்று நேரம் சிரித்துவிட்டு, "பஸ்ஸிலே விசில் ஊதணும்னு" என்றாராம். அவர் ஊருக்கு நாளைக்கு இரண்டு முறை ஒரு பஸ் வருமாம். நடத்துநர் விசில் ஊதினால்தான் அவ்வளவு பெரிய வண்டி நகரும். அந்த ஒரு விசில் தம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

கட்டுரை ஒன்றரைப் பக்கம். விங்கி அழுகையை நிறுத்தி, கூலிக்கு வேலை தேடி, ரயில்வேயில் சேருகிறாள். முதலில் பெட்டி துடைக்கிறாள். பிறகு சீட்டுப் பார்க்கிறாள். 2017 செப்டம்பர் 1ஆம் நாள் ஹாரியும் ரானும் ஹெர்மாயினியும் தத்தம் பிள்ளைகளை முத்தமிட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டாத கடைசிப் பெட்டியில், சட்டை அணிந்த ஓர் ஏவற்பெண், கடிகாரத்தைப் பார்த்து, விசிலை எடுத்து ஊதுகிறாள். வண்டி புறப்படுகிறது.

மூலநூலை எடுத்து அந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தோம். வண்டி புறப்படத்தான் செய்கிறது. யாரோ ஒருவர் புறப்படச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரையில் இரண்டிடங்களில் லகரமும் ளகரமும் மாறியிருந்தன. திருத்திக் கொடுத்தோம். படியில் காத்திருந்தவரிடம் அச்சிறுமி அதனை உரக்க வாசித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.